சின்னப் புள்ளைங்களுக்கு ஓடவும் எறியவும் பழக்குறது: பி.டி. மாஸ்டர்கிட்ட கேளுங்க

மாஸ்டர்: 3 வயசுல இருந்து 7 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களைப் பத்தி கேளுங்க. பெரிய பசங்களோட கிரிக்கெட் கோச்சிங் நம்ம ஏரியா இல்லை.

பொகவந்தலாவை மிஸ்: மாஸ்டர், எங்க தோட்டத்துப் பிள்ளை மடுவத்துல (அம்மாமார் வேலைக்குப் போகும்போது புள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம்) 4 வயசுப் புள்ளைங்க நேரா நின்னுக்கிட்டு முழங்கையை மட்டும் ஆட்டி எறியுறாங்க, பந்து காலடியிலேயே விழுது. எப்பிடி திருத்துறது?

மாஸ்டர்: அது பிழை இல்லை மிஸ். முதல்ல கால் அசையாது, கை மட்டும்தான். பிறகு எறியுற கைப்பக்கத்துக் காலையே முன்னுக்கு வைப்பாங்க. அதுக்கும் பிறகுதான் வலது கையால எறிஞ்சா இடது கால் முன்னுக்கு வர்றது, இடுப்பு திரும்புறது எல்லாம். நீங்க "காலை மாத்து, காலை மாத்து"ன்னு கத்தினா புள்ளை காலைப் பார்த்துக்கிட்டே நிக்கும். வாய்ல சொல்றதை விட்டுட்டு விளையாட்டை மாத்துங்க. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்புல கட்டுற பழைய படங்குத் துணி ஒண்ணை கயித்துல தொங்க விடுங்க, கிழிஞ்ச சொக்ஸுக்குள்ள துணி அடைச்சு உருண்டை கட்டி ஆளுக்கு நாலஞ்சு குடுங்க, படங்குல "டப்"னு சத்தம் வரணும், சத்தம் வந்தா ஒரு எட்டு பின்னுக்குப் போகணும், அவ்வளவுதான் விளையாட்டு. அந்த சத்தத்துக்காகவே உடம்பு முழுசையும் போட்டு எறிவாங்க. பக்கவாட்டுல நிக்க வைக்கணும்னா தரையில சோக்கால ரெண்டு பாதம் வரைஞ்சா போதும். ஒண்ணே ஒண்ணு, வாளிக்குள்ள போடு, போத்தலை விழுத்துன்னு இப்பவே குறி பார்க்க வைக்காதீங்க. குறின்னு சொன்ன உடனே வேகம் போயிடும், கையை மட்டும் மெல்ல நீட்டுவாங்க. முதல்ல பலம்.

தலவாக்கலை அப்பா: மகனுக்கு 5 வயசு, லெதர் போல் வாங்கலாமா?

மாஸ்டர்: வேணாம். டெனிஸ் போலே 60 கிராமுக்குள்ளதான், லெதர் போல் 155க்கு மேல. சொக்ஸ் உருண்டை காணும்.

பண்டாரவளை அம்மா: மகள் இடது கையால எறியுறா, மாமி மாத்தச் சொல்றாங்க.

மாஸ்டர்: மாத்தாதீங்க. அவளுக்கு வலது கால் முன்னுக்கு வரணும், அவ்வளவுதான் வித்தியாசம். மாமியை நீங்கதான் சமாளிக்கணும்.

மஸ்கெலியா தம்பி: எங்க தோட்டத்துல கிரவுண்டே இல்லை மாஸ்டர், எல்லாம் சரிவு, லயத்து வாசல்தான் (வரிசை வீட்டு முன்பக்கம்) இருக்கு.

மாஸ்டர்: சரிவு நல்லதுதான் தம்பி, மேல நோக்கி ஓடினா. லேசான ஏத்தத்துல 10, 15 மீட்டர் ஓட விடுங்க, முழங்கால் தானா உயரும், கை தானா வீசும். இறக்கத்துல மட்டும் போட்டி வைக்காதீங்க, சின்னக் காலுக்கு பிரேக் பிடிக்காது, முகத்தாலதான் விழுவாங்க. வாசல்ல வால் பிடுங்குற விளையாட்டு போடுங்க: இடுப்புல துணித்துண்டு ஒண்ணை செருகிட்டு ஒருத்தர் வாலை ஒருத்தர் பறிக்கணும். வால் போனவன் அவுட் இல்லை, பெட்டியில இருந்து வேற வால் எடுத்துக்கிட்டு திரும்பி வரணும். அவுட் வச்சீங்கன்னா ஓடத் தெரியாத புள்ளைதான் முதல்ல ஓரத்துல குந்தும், அதுக்குத்தானே ஓட்டம் வேணும்?

பதுளை அண்ணன்: 4 வயசுல வாளிக்குள்ள பந்து போட எத்தனை அடி தள்ளி நிக்கணும்?

மாஸ்டர்: மேல மிஸ்ஸுக்கு எழுதினதைப் படிங்க.

ராகலை அம்மா: ஓடிட்டு வந்தா மகன் ஒரு காலை நொண்டுறான், என்ன எண்ணெய் தடவ?

மாஸ்டர்: எண்ணெய் வேணாம், டொக்டர்கிட்ட காட்டுங்க. நொண்டுற புள்ளையை இங்க கேட்டு வைக்காதீங்க.

ஹட்டன் டீச்சர்: ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு கரண்டியில தேசிக்காய் (எலுமிச்சை) வச்சு ஓடுற தேசிக்காய் ஓட்டத்துக்கு எப்பிடி பழக்குறது மாஸ்டர்?

மாஸ்டர்: பழக்காதீங்க. அது ஓட்டமே இல்லை, கை கட்டுப்பட்டிருக்கு, கண்ணு தேசிக்காய்ல. அதுலயும் கரண்டியை வாய்ல கடிச்சுக்கிட்டு ஓடி விழுந்தா என்ன ஆகும்?

ஹட்டன் டீச்சர்: அம்மாமாருங்க அரைப்பேரோட (அரை நாள் சம்பளத்தோட) வேலையை விட்டுட்டு வர்றாங்க, அவங்களுக்கு சிரிக்க ஒண்ணு வேணாமா? எல்லாத்தையும் நீங்க பாடமாக்குறீங்க.

பதுளை அண்ணன்: சரியா கேட்டீங்க டீச்சர்! 2000ல சிட்னி ஒலிம்பிக்ல மெடல் எடுத்த நம்ம ஓட்டக்காரி சுசந்திகா சின்னதுல தேசிக்காய் ஓட்டம் ஓடாமலா இருந்திருப்பா?

மாஸ்டர்: அந்த 200 மீட்டர்ல கரண்டி இருந்துச்சா அண்ணே? அவ கை வீசுறதைப் பாருங்க.

மஸ்கெலியா தம்பி: பேலன்ஸ் வரும்தானே மாஸ்டர்?

மாஸ்டர்: வரும், அதனால நடக்க வைங்க. கரண்டி கையில, தேசிக்காய் நடைன்னு பேர் போடுங்க. ஓட்டத்துக்கு உருளைக்கிழங்கு பொறுக்குறது இருக்கு: ஆளுக்கு ஒரு வரிசை, ரெண்டு மீட்டருக்கு ஒரு கிழங்கா அஞ்சு, ஒண்ணொண்ணா ஓடி எடுத்து பெட்டியில போடணும். ஓடணும், நிக்கணும், குனியணும், திரும்பணும், அதுலதான் ஓட்டமே இருக்கு. அம்மாமாரும் சிரிப்பாங்க, கட்டாயம் ஒருத்தன் பக்கத்து வரிசைக் கிழங்கைத் தூக்குவான்.

ஹட்டன் டீச்சர்: முப்பது புள்ளைக்கு நூத்தம்பது கிழங்கு. காசு யார் தர்றது?

மாஸ்டர்: ஒரே தடவையில முப்பது பேரையுமா விடுவீங்க? அஞ்சஞ்சு பேரா விட்டா அதே இருபத்தஞ்சு காணும். அதுவும் இல்லைன்னா சொக்ஸ் உருண்டையை வைங்க டீச்சர்.