ஜாக்கெட், கைலி, கூறைப்பட்டு: மலேசியாவின் சுங்கை சிப்புட் உறவுகளின் கேள்விகளுக்குப் பதில்

தீபாவளித் துணி எடுக்கும் சமயம் என்பதால் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

டீச்சர், ஜாக்கெட் வெள்ளைக்காரன் காலத்தில்தான் வந்ததா?

இன்று நாம் போடும் ஜாக்கெட்டும் உள்பாவாடையும் 19ஆம் நூற்றாண்டில் பரவியவைதான். வங்கத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து அந்தப் பாணியைத் தன் ஊரில் பரப்பினார். ஆனால் கச்சு கட்டும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. தெற்கே விஷயம் இன்னும் கசப்பானது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கவே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு இறங்கிவந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்றுதான் உத்தரவு. ஜாக்கெட்டை வெறும் பேஷன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

தைத்த துணி முஸ்லிம்கள் வந்த பிறகுதான் வந்தது என்கிறார்களே, அக்கா?

இல்லை தம்பி. மதுராவில் கிடைத்த குஷான மன்னர் கனிஷ்கர் சிலையைப் பாருங்கள். தலை உடைந்துபோனாலும் நீண்ட அங்கியும் கனத்த காலணியும் தெளிவாகத் தெரியும். அது கி.பி. 2ஆம் நூற்றாண்டு.

கைலி நம்முடையதா, மலாய்க்காரர்களுடையதா?

இரண்டு பேருக்கும் சொந்தம். சோழமண்டலக் கரைத் துணி மலாக்காவுக்குக் கப்பலேறியது ரப்பர் தோட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க அந்தத் துணிதான் கைகொடுத்தது. அதற்காகவே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் (ஆங்கிலத்தில் புலிக்காட்) 1613இல் கோட்டை கட்டினார்கள். கட்டம் போட்ட கைன் பெலிக்காட் அந்த ஊர்ப் பெயரோடுதான் இன்றும் பாசாரில் விற்கிறது.

அப்புறம் நம் அம்மாக்களின் உடுப்பு. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும்போது நீளக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு. கொசு ஒரு காரணம், பால் இன்னொரு காரணம். துணியில் பட்ட பால் ரப்பராகக் காய்ந்து ஒட்டிக் கறுத்துவிடும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அதனால் வெட்டுக்கென்று ஓர் உடுப்பு தனியாகக் கொடியில் தொங்கும். அப்படிப்பட்ட பழைய சட்டை வீட்டில் கிடந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். பட்டுச் சேலையைப் போல அதுவும் நம் உடை வரலாறுதான்.

பாட்டியின் கூறைப்பட்டு கைத்தறிக் காஞ்சிபுரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடலும் கரையும் சேரும் இடத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிற ஊடையும் (குறுக்கு நூலும்) ஒன்றையொன்று கோத்துப் பிடித்து, பல் பல்லாகத் தெரிந்தால் அது கோர்வை. அதற்கு மூன்று நாடா, அதாவது ஊடை நூலை ஓட்டும் கருவி, வேண்டும். நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். எல்லாக் காஞ்சிப் பட்டிலும் கோர்வை இருக்காது, இருந்தால் கைவேலை என்று நம்பலாம். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.