அந்த இரண்டு பழைய வழக்குகள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அமெரிக்காவில், டெக்சாஸில், ஜூரியாக, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, உட்கார்ந்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. தொடக்கத்திலேயே அரசு வக்கீல் குற்றப்பத்திரிகையை வாசித்தார். அந்த மனிதர் இதே குற்றத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவர் என்று அதில் இருந்தது. எதிர்த்தரப்பும் அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். அப்போது என்ன நடந்தது, யாருக்காவது அடிபட்டதா, ஒன்றும் சொல்லவில்லை. 'அதை வைத்து இந்த இரவைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்' என்றார் நீதிபதி. பிறகு எதற்கு வாசித்தார்கள்? முழுவதும் சொல்லியிருக்கலாம், இல்லையென்றால் சொல்லாமலே விட்டிருக்கலாம். எங்களை ஏமாற்றிவிட்டதாகவே தோன்றுகிறது. பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

டெக்சாஸில் முதல் முறை பிடிபட்டால் அது சிறு குற்றம். பொதுவாக அதிகபட்சம் 180 நாள் கவுன்ட்டி (மாவட்ட) சிறை. முன்பே இரண்டு தண்டனை இருந்தால் அது 'ஃபெலனி' என்கிற பெருங்குற்றம் ஆகிவிடும், 2 முதல் 10 வருடம் வரை போகலாம். அதாவது அந்த இரண்டு தண்டனைகளும் குற்றத்தின் ஒரு பகுதி. வண்டி ஓட்டியதை எப்படிச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டுமோ அப்படியே அவற்றையும் நிரூபிக்க வேண்டும். சிறு குற்றமாக இருந்திருந்தால் ஜூரியில் ஆறு பேர்தான். நீங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்ததே அந்தப் பழைய வழக்குகளால்தான்.

அப்புறம் ஏன் விவரம் இல்லை? 2000-இல் டாமெஸ் என்பவரின் வழக்கில் டெக்சாஸின் உச்சக் குற்றவியல் நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. அவர்மேல் ஆறு பழைய தண்டனைகளை எழுதி, ஆறையும் ஜூரியிடம் வாசித்திருந்தார்கள். இரண்டை ஒப்புக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதைக் கீழ்க்கோர்ட்டு ஏற்கவில்லை. அது தவறு என்றது மேல்நீதிமன்றம். சட்டத்துக்குத் தேவை இரண்டு, அவரே ஒப்புக்கொண்டபின் அவற்றுக்குச் சாட்சியம் எதற்கு? இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆறு தடவை என்று காதில் விழுந்தபிறகு ரத்தப் பரிசோதனை அறிக்கையை யார் நிதானமாகப் படிப்பார்கள்?

ஒப்புக்கொள்ளாவிட்டால், பழைய தண்டனை பெற்றவர் இவர்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஒரு கோர்ட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். டெக்சாஸில் சிறைக்குப் போகக்கூடிய வழக்குகளில் தீர்ப்புத் தாளிலோ வழக்குப் பதிவுத் தாளிலோ குற்றவாளியின் வலது பெருவிரலை உருட்டிப் பதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்ப் பத்திரத்தில் வைக்கிற கைநாட்டு மாதிரிதான். கைரேகை நிபுணர் அன்று காலை அந்த ஆளின் விரலை எடுத்துவைத்து, பழைய தாளோடு லென்ஸில் ஒப்பிட்டார். ஒன்று பொருந்தியது. இன்னொன்றில் மை பரவி வெறும் கறுப்புத் திட்டாக இருந்தது. 'இதை வைத்து என்னால் சொல்ல முடியாது' என்றார். தாளில் பெயர் அதேதான், பிறந்த தேதியும் அதேதான். ஆனாலும் அவர் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு அன்று பெரிய மரியாதை வந்தது.

ரேகை இல்லாவிட்டால் வழியே இல்லை என்பதில்லை. 2007-இல் ஃப்ளவர்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை என்றது. கோர்ட்டின் கணினிப் பதிவும் ஓட்டுநர் உரிமப் பதிவும் சேர்ந்தே போதுமானதாகலாம். ஆனால் பெயர் மட்டும் போதாது. நம்மவர்களுக்கு இதைச் சொல்லாமலே புரியும். அமெரிக்கா போனதும் அப்பா பெயர் கடைசிப் பெயராகி, ஒரே நகரத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். வாசித்ததே தப்பு. முந்தைய தண்டனை ஒன்றே ஒன்று இருந்தால் அது குற்றம் உறுதியானபின் வரும் தண்டனைக் கட்டத்துக்குரிய விஷயம் என்று 2018-இல் அதே நீதிமன்றம் ஒலிவா வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, அந்த ஜூரி முதலில் அந்த இரவை மட்டும் பார்க்கும். இரண்டு இருப்பவருக்கு, மனச்சாய்வின் ஆபத்து அதிகமாக உள்ளவருக்கு, அந்தக் காப்பு இல்லை. இந்தியாவில் ஜூரி எப்போதோ போய்விட்டது. இருந்தும் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 236-ஆவது பிரிவு, செஷன்ஸ் விசாரணையில் கூடுதல் தண்டனைக்காகச் சேர்க்கும் முந்தைய தண்டனையை, இந்தக் குற்றம் உறுதியாகும்வரை வாசிக்கவே கூடாது என்றது. சட்டம் படித்த நீதிபதிக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், வேலைக்கு லீவு போட்டு வந்து உட்கார்ந்த பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும்!

மூன்றாம் முறையும் குடித்துவிட்டு ஓட்டியவர் சிறைக்குப் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று ஓட்டினாரா, போதையில் இருந்தாரா என்பது மட்டும் அன்றைய வீடியோவிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் வர வேண்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் பேசிய அறையில், 'ஏற்கெனவே ரெண்டு தடவை செய்தவன்தானே' என்று யாராவது சொன்னார்களா? சொன்னால், மற்றவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? முடிந்தால் எழுதுங்கள்.