பாண்டி ரெஜிஸ்ட்ரேஷன்ல டுகாட்டி எடுக்கலாமா? தண்டையார்பேட்டை தம்பிக்கு ஒரு மெக்கானிக்கோட பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு 31, வீடு தண்டையார்பேட்டை, காசிமேட்டுல ஐஸ் லோடு பிசினஸ். ஏழு வருஷமா சீட்டு கட்டி சேத்த காசுல புது டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர் பைக் எடுக்கலாம்னு இருக்கேன். தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் பாண்டிச்சேரில ரெஜிஸ்டர் பண்ணா ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம், எல்லாத்தையும் நானே முடிச்சு தரேன்னு சொல்றார். செய்யலாமா? வீட்டுல இருந்து கடல் அரை கிலோமீட்டர்தான், உப்புக்காத்துல வண்டி தாங்குமா? சர்வீஸ நம்ம ஏரியாலயே பாத்துக்க முடியுமா?

பதில்: தம்பி, மொத கேள்விக்கு மொதல்லயே சொல்லிடறேன், வேணாம். அந்த புரோக்கருக்கு இன்னும் காசு குடுக்கலன்னா சந்தோஷம், குடுத்திருந்தா இன்னைக்கே போய் திருப்பி வாங்குங்க. நான் பழைய வண்ணாரப்பேட்டைல 23 வருஷமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன், கடைசி பதினோரு வருஷமா பெரிய பைக்குதான் அதிகமா வருது. இஞ்சின் போச்சுன்னு என் கடை வாசல்ல உக்காந்து அழுதவங்க கொஞ்சம் பேர்தான், பேப்பர் சரியில்லன்னு அழுதவங்கதான் ஜாஸ்தி. இஞ்சின் போனா காசு குடுத்தா நான் சரி பண்ணிடுவேன். பேப்பர நான் என்ன பண்ண முடியும்?

உங்க புரோக்கர் சொல்ற கணக்கு பொய் இல்ல, அதனாலதான் எல்லாரும் விழறாங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல விலை இருக்கற டூவீலருக்கு லைஃப் டாக்ஸ், அதாவது வண்டி எடுக்கறப்போ ஒரே தரமா கட்டற ரோடு டாக்ஸ், 12 சதவீதம், அதுக்கு முன்னாடி 8 சதவீதம்தான் இருந்துச்சு. வண்டி விலை பத்து லட்சம்னு கணக்குக்கு வெச்சுக்கிட்டா டாக்ஸ் மட்டும் 1,20,000 ரூபா. பாண்டில அதுல சின்ன பங்குதான் வரும். 350 சிசிக்கு மேல போன வண்டிக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆக்கிட்டாங்க, அந்த 40ஐ சேத்து வந்த விலை மேலதான் திரும்ப இந்த 12, அதாவது நீங்க கட்டின வரிக்கும் சேத்து வரி கட்டறீங்க. ஒரே நாடு ஒரே வரின்னு 2017ல சொன்னாங்க, ரோடு டாக்ஸ் மட்டும் இன்னும் ஊருக்கு ஒரு ரேட்டு. இந்த புரோக்கருங்கள வளத்து விட்டதே அந்த வித்தியாசம்தான். இத்தன வரி கட்டிட்டு எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல குழில எறங்கி ஏர்றப்போ எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா அதுக்காக பொய் விலாசத்துல வண்டி எடுத்தா மாட்டிக்கிட்டு நிக்கப்போறது நீங்கதான்.

எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. உங்க ஆதார்ல தண்டையார்பேட்டை விலாசம். புரோக்கர் பாண்டில ஏதோ ஒரு தெருவுல நீங்க வாடகைக்கு இருக்கற மாதிரி ஒரு அக்ரிமென்ட் ரெடி பண்ணுவான். அந்த வீட்ட நீங்க பாத்திருக்க மாட்டீங்க, அந்த வீட்டுக்காரர் உங்கள பாத்திருக்க மாட்டார், அதே வீட்டு நம்பர்ல இன்னும் நாலு வண்டி ஓடிட்டு இருக்கும். 1988 மோட்டார் வாகன சட்டத்துல 40வது பிரிவு, நீங்க எங்க குடியிருக்கீங்களோ, இல்ல எங்க தொழில் பண்ற இடத்துல வண்டி வழக்கமா நிக்குதோ, அங்கதான் ரெஜிஸ்டர் பண்ணணும்னு சொல்லுது. உங்க வண்டி நிக்கப்போறது தண்டையார்பேட்டைல, ஓடப்போறது காசிமேட்டுக்கு, இதுல பாண்டி எங்க வந்துச்சு? 2017ல கேரளால சினிமாக்காரங்க கார் இப்படி புதுச்சேரி பொய் விலாசத்துல இருந்தது பெரிய கேஸா ஆச்சே, ஞாபகம் இருக்கா? பெரிய வக்கீல் வெச்சுக்கற வசதி இருக்கறவங்களே அலைஞ்சாங்க.

புரோக்கர் இன்னொன்னு சொல்லுவான், வேற ஸ்டேட் வண்டிய 12 மாசம் ஓட்டலாம், சட்டமே அப்படித்தான் இருக்குன்னு. 47வது பிரிவுல 12 மாசம்னு இருக்கறது உண்மைதான், ஆனா அது நிஜமா வேற ஸ்டேட்ல ரெஜிஸ்டர் ஆகி அப்புறம் இங்க வந்த வண்டிக்கு. மொத நாளே பொய் சொல்லி வாங்கின நம்பருக்கு இல்ல.

இதுல யாரும் யோசிக்காத ஒரு விஷயம் போன் நம்பர். ரெஜிஸ்ட்ரேஷன் பண்றப்போ புரோக்கர் அவன் மொபைல் நம்பர போட்டுடுவான், அண்ணே ஓடிபி வரும், உங்களுக்கு எதுக்கு தொந்தரவு, நான் பாத்துக்கறேன்னு நைசா சொல்லுவான். அப்புறம் பரிவாகன்ற கவர்மென்ட் வண்டி சைட்டுல நீங்க என்ன பண்ணணும்னாலும், லோன் முடிஞ்சு ஆர்சில இருக்கற பேங்க் பேர (ஹைப்பாதிகேஷன்) எடுக்கணுமா, வேற ஸ்டேட்டுக்கு மாத்த தடையில்லன்ற என்ஓசி வாங்கணுமா, வண்டிய வித்து பேர் மாத்தணுமா, எல்லாத்துக்கும் ஓடிபி அவன் போனுக்கு போகும். அவன் அன்னைக்கு ஒரு ரேட் சொல்லுவான், இல்ல நம்பரே உயிரோட இருக்காது. என்கிட்ட வர ஒரு பையன், கொருக்குப்பேட்டைக்காரன், வண்டிய விக்க முடியாம ஒன்றரை வருஷம் வெச்சிருந்தான் இதனால, கடைசில டாக்ஸ்ல மிச்சம் பண்ணத விட ஜாஸ்தி செலவு பண்ணி வெளிய வந்தான். தபாலும் அதே கதைதான், நோட்டீஸ்னு எது வந்தாலும் அந்த வாடகை வீட்டுக்கு போகும், உங்க கைக்கு வராது. இன்னொருத்தர் மணலி கிட்ட லாரில அடிபட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டார், சர்வேயர் கேட்ட மொத கேள்வியே ராத்திரில வண்டி எங்க நிக்கும்னுதான். எட்டு மாசம் இழுத்தாங்க. பொய் விலாசம் இருந்தா கம்பெனி அத விடாது தம்பி, அவங்களுக்கு அது ஒரு பிடி.

இங்க ஒரு விதிவிலக்கு இருக்கு, அத நான் சொல்லியே ஆகணும், ஏன்னா நிஜமா இருக்கறவங்க பயப்படக்கூடாது. உங்க அண்ணனோ தம்பியோ உண்மையாவே பாண்டில வேலை பாக்கறார், ஜிப்மர்ல நர்ஸா இருக்கார்னு வெச்சுக்கோங்க, அங்கயே குடியிருக்கார், அவர் பேர்ல அவர் காசுல வண்டி எடுத்து அங்க ரெஜிஸ்டர் பண்ணி, லீவு நாள்ல அம்மாவ பாக்க ராயபுரம் ஓட்டிட்டு வரார், இதுல ஒரு தப்பும் இல்ல. காரைக்கால்ல இருந்தாலும் அப்படித்தான். வழில யார் நிறுத்தினாலும் தைரியமா ஆர்சிய காட்டலாம், கூட ஆபீஸ் ஐடி கார்டோ கரன்ட் பில்லோ ஒண்ணு வெச்சுக்கிட்டா பேச்சு சீக்கிரம் முடியும். அவரே வேலைய விட்டு சென்னைக்கு மாறி வந்துட்டார்னா அப்ப அங்க என்ஓசி வாங்கி, இங்க நம்ம ஆர்டிஓல வண்டி வயசுக்கு ஏத்த டாக்ஸ கட்டி, புது டிஎன் நம்பர் வாங்கிடணும். லோன் இருந்தா பேங்க் கிட்டயும் லெட்டர் வாங்கணும். அங்க கட்டின டாக்ஸ்ல மிச்சத்த திரும்ப கேக்கலாம், ஆனா அதுக்கு அலையற அலைச்சல்ல பாதி பேர் விட்டுடறாங்க, இது ஒரு அநியாயம், ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு போக வேண்டிய காசுக்கு மனுஷன் பஸ் ஏறி போகணுமா? ஆனா அவர் பாண்டில இருக்கார்ன்றதுக்காக அவர் பேர்ல எடுத்து நீங்க இங்க தினம் ஓட்டறது இந்த விதிவிலக்குல வராது. வண்டியும் அவர் வண்டிதான் ஆகும், உங்க வண்டி ஆகாது.

ஷோரூம்ல கொட்டேஷன பிரிச்சு எழுதி வாங்குங்க, வண்டி விலை, டாக்ஸ், இன்சூரன்ஸ் மூணும் தனித்தனியா. ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இருந்தா இது எதுக்குன்னு கேளுங்க, தூக்க சொல்லுங்க. இன்சூரன்ஸ் அவங்க கிட்டதான் எடுக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல. புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி 2018ல இருந்து கட்டாயம், 350 சிசிக்கு மேல அதுக்கு 2022ல நிர்ணயிச்ச ரேட் 15,117 ரூபா, ஜிஎஸ்டி தனி. அத எங்க எடுத்தாலும் அதே ரேட்டுதான். வித்தியாசம் வரது வண்டி டேமேஜுக்கு எடுக்கற பாகத்துலதான், அதுல வெளிய ரெண்டு கம்பெனில விலை கேட்டு ஒப்பிடுங்க. ஜீரோ டெப்பும் (பார்ட்ஸ் பழசாச்சுன்னு காசு கழிக்காத கவர்) இஞ்சின் ப்ரொடெக்டரும் கட்டாயம் சேத்துக்கோங்க. நம்ம ஏரியால மழை வந்தா கணேசபுரம் சப்வேயும் ஜீவா சப்வேயும் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? தண்ணி இஞ்சினுக்குள்ள போயிட்டா தெரியாம செல்ஃப் அடிச்சிடாதீங்க, உள்ள தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், இஞ்சின் ப்ரொடெக்டர் இல்லாம அந்த செலவ யாரும் தர மாட்டாங்க. தள்ளிட்டு வாங்க, இல்ல டோ வண்டி கூப்பிடுங்க. 2023 டிசம்பர் மிச்சாங் மழைல எர்ணாவூர் பக்கம் தண்ணி மேல எண்ணெயும் சேந்து மிதந்து வந்துச்சே, அந்த மாசம் என் கடைல வண்டி வெக்க இடம் இல்ல, பாதி பேர் தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணி பாத்தவங்க.

இப்ப உப்புக்காத்து. தாங்கும், ஆனா நீங்க பாத்துக்கிட்டாதான். காசிமேட்டுல ஐஸ் லோடு இடத்துல உப்புத்தண்ணி தெறிக்கும், மீன் தண்ணி தெறிக்கும், முடிஞ்சா லோடுக்கு இந்த வண்டிய கொண்டு போகாதீங்க. வாரம் ஒரு தரம் நல்ல தண்ணில கழுவுங்க, போர் தண்ணி உப்பா இருந்தா மெட்ரோ வாட்டர் ரெண்டு பக்கெட் போதும். வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர்ல அடிக்க விடாதீங்க, வீல் பேரிங்குலயும் ஒயரிங் கனெக்டர்லயும் தண்ணி ஏத்திடுவாங்க. செயின 500, 600 கிலோமீட்டருக்கு ஒரு தரம் தொடச்சு செயின் ஆயில் ஸ்ப்ரே அடிங்க. அப்புறம் அந்த வெள்ளி கலர் பிளாஸ்டிக் கவர் வேணவே வேணாம், உள்ள வேர்த்து வேர்த்து துரு வேகமா பிடிக்கும், காத்து போற துணி கவர் வாங்குங்க. ஸ்க்ராம்ப்ளர் 803 சிசி, ஏர் கூல்டு, ஆயில் கூலர் இருக்கு ஆனா ரேடியேட்டர் ஃபேன் கிடையாது, எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பர் போற லாரி லைன் கட்டி நின்னுச்சுன்னா இஞ்சின ஆஃப் பண்ணிடுங்க, மே மாசத்துல கண்டிப்பா.

பெட்ரோல பத்தி ஒரு வார்த்தை. இப்ப வர புது வண்டிங்க இ20க்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏத்த மாதிரிதான் வருது, பயப்பட வேணாம். ஆனா எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்ம காத்துல ஈரத்துக்கு பஞ்சமே இல்ல. மாசக்கணக்குல அரை டேங்கோட நிறுத்தி வெக்காதீங்க.

கடைசியா சர்வீஸ். எனக்கே வருமானம் போற விஷயம்தான், இருந்தாலும் சொல்றேன், வாரண்டி இருக்கற வரைக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே விடுங்க, தூரமா இருந்தாலும் பரவால்ல. டுகாட்டில வால்வு சமாச்சாரம் வேற மாதிரி. மத்த வண்டில ஸ்ப்ரிங் வெச்ச கதவு மாதிரி, தள்ளினா திறக்கும், தானா மூடிக்கும். டுகாட்டில கதவ திறக்க ஒரு ஆள், மூட ஒரு ஆள். அதுக்கு டெஸ்மோன்னு பேர், 1956ல ஃபாபியோ டாலியோனின்ற இஞ்சினியர் அவங்க ரேஸ் வண்டில கொண்டாந்தது. அதனால ஒவ்வொரு வால்வுக்கும் ரெண்டு இடத்துல கேப் பாக்கணும், ஸ்க்ராம்ப்ளர்ல நாலு வால்வு, அப்ப எட்டு இடம். 12,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் இத பண்ணணும், இதுல கை பழகாதவன் நுழைஞ்சா வண்டி கெடும். வால்வு நேரத்துக்கு திறந்து மூட ஓடற டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான், ஓடலன்னாலும் வயசாகும். அது அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும், செலவு லட்சத்துல போகும். மேனுவல்ல போட்டிருக்கற கிலோமீட்டர், வருஷம், ரெண்டுல எது முந்துதோ அத பாருங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டறவங்களுக்கு வருஷம்தான் முந்தும், ஆனா அவங்கதான் வண்டி ஓடவே இல்லயே அண்ணேன்னு சர்வீஸ தள்ளி போடறாங்க. ஆயில் வருஷத்துக்கு ஒரு தரம், பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்திடுங்க.

லீவர், மிரர், ஹேண்டில் பார் மாதிரி சாமான் புதுப்பேட்டைல தேடுங்க, தப்பில்ல, நானே அங்கதான் போவேன். பெல்ட், பிரேக் பேட், பேரிங் மட்டும் எங்கயும் சீப்பா தேடாதீங்க. வாரண்டி முடிஞ்சப்புறம் செயின், பேட், டயர், ஆயில்லாம் நம்ம ஏரியாலயே நல்லா பண்ற பசங்க இருக்காங்க, டெஸ்மோவுக்கும் பெல்ட்டுக்கும் மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்க.

இன்னொன்னு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு குடுக்கப்போற வண்டிய நேர்ல காட்ட சொல்லுங்க. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2324னு இருந்தா 2024ல 23வது வாரம் செஞ்ச டயர். வண்டி எந்த மாசம் தயாரானதுன்னும் சேசிஸ் பிளேட்ட வெச்சு எழுதி தர சொல்லுங்க. குடோன்ல ஒன்றரை வருஷம் நின்ன வண்டிய புது வண்டி விலைக்கு தள்ளி விடறாங்க, பெல்ட்டும் பேட்டரியும் அங்கயே கிழடாயிருக்கும். பழசா இருந்தா விலைய குறைக்க சொல்லுங்க, இல்ல அடுத்த லாட்டுக்கு காத்திருங்க. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல உங்க மொபைல் நம்பர் இருக்கான்னு உங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.