ராணிகளின் ஊர்

கேள்வி: லிஸ்பனுக்கு வேலையாகப் போகிறேன், ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். பக்கத்தில் பழைய கோட்டை ஊர் ஏதாவது உண்டா?

பதில்: யோசிக்காமல் ஓபிதுஷ் போங்கள். லிஸ்பனிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். 1148-இல் அஃபோன்சு என்றிக்கஷ் மன்னர் மூர்களிடமிருந்து (அப்போது அங்கே ஆண்ட முஸ்லிம்கள்) பிடித்த ஊர். பிறகு 1282-இல் தினிஸ் மன்னர் இதைத் தன் மனைவி இசபெலுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தார், அதிலிருந்து பல நூற்றாண்டுகள் போர்ச்சுகல் ராணிகளின் சொத்தாகவே இருந்தது.

சாந்தா மரியா தேவாலயம் இருக்கும் சதுக்கத்தில் ஒரு கல்தூணைத் தேடிப் பாருங்கள், அதில் மீன்வலை செதுக்கியிருக்கும். லியோனோர் ராணியின் ஒரே மகன் 1491-இல் தேஜு ஆற்றங்கரையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது, மீனவர்கள் அவனை வலையில் வைத்துத் தூக்கி வந்தார்களாம், அந்த வலையையே அவர் தன் சின்னமாக்கிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு என்னால் சட்டென்று நகர முடியவில்லை. தேவாலயத்துக்குள் 17-ஆம் நூற்றாண்டுப் பெண் ஓவியர் ஜோசெஃபாவின் ஓவியங்கள் உண்டு.

அப்புறம், மதில் மேல் ஊரைச் சுற்றி நடக்கலாம். ஆனால் உள்பக்கம் கைப்பிடி கிடையாது, குழந்தைகளைக் கூட்டிப்போனால் கீழேயே நடங்கள். கோட்டை இப்போது ஹோட்டல். சாந்தியாகு தேவாலயம் புத்தகக் கடையாகிவிட்டது, அதற்குக் கட்டாயம் அரை மணி ஒதுக்குங்கள். நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே கால்தஷ் த ரைன்யா, அதே லியோனோர் ராணி வெந்நீர் ஊற்று மருத்துவமனை கட்டிய ஊர்.