அக்காவிடம் கேளுங்கோ: பந்தல் வாசலில் எதைத் தூவலாம்?

கேள்வி: தங்கையின் கலியாணம் ஆவணியில், எங்கள் வளவிலேயே. பொம்பிளை மாப்பிள்ளை பந்தலை விட்டு வெளியே வரும்போது கொன்ஃபெட்டி என்ற சின்னத் தாள்துண்டுகளைத் தூவ வேண்டும் என்று தம்பிமார் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கடையில் "உக்கக்கூடியது" என்று எழுதிய மினுங்கல் பக்கற் இருக்கிறது. வாங்கலாமா அக்கா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம் தங்கச்சி. என் மகளின் கலியாணத்துக்கு நானும் அந்த மினுங்கலை வாங்கினேன். முற்றத்தை இரண்டுதரம் கூட்டினோம். மூன்றாம் நாள் விடிய மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளும்போது விரலிடுக்கில் வெள்ளித்துண்டொன்று பளபளத்தது. கழுவிப் பார்த்தேன், நிறம்கூட மங்கவில்லை. சாப்பிட்ட வாழையிலைகளோடு பசு அதையும் தின்றிருக்கிறது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் அலுமினியம் பூசியது. "உக்கும்" என்று விற்பவற்றிலும் சில, சோளமாவில் செய்த பிளாஸ்ரிக்தான். அவை உக்குவதற்கு 60 பாகை செல்சியஸ் அளவு சூடு கிழமைக்கணக்கில் நிற்கவேண்டும். எங்கட எருக்குழிக்கு அது கட்டாது. ஆவணியில் சோளகமும் வீசும். காலையில் தூவியது பின்னேரம் குளத்துக்குள் நிற்கும். 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்ரிக் பூமாலைக்கே தடையுள்ள நாட்டில் இதை ஏன் காசு கொடுத்து வாங்குவான்?

கிறேப் கடதாசியும் வேண்டாம். வியர்வை பட்டால் சாயம் கூறையில் இறங்கிவிடும்.

உங்கள் ஊர் வேலிகளில் கடதாசிப்பூ (போகன்வில்லா) இருக்கும். அதைத் தூவுங்கோ. வெயில் காலத்தில்தான் அது கொட்டிப் பூக்கும். கலியாணத்துக்கு நாலு நாள் முன்னம், பனி காய்ந்த பிறகு பறியுங்கோ, முள் கவனம். சுளகில் ஐதாகப் பரப்பி நிழலில் காயவிடுங்கோ. வெயிலில் வைத்தால் வெளிறிப்போகும். கையில் எடுத்தால் சரசரக்க வேண்டும், அதுதான் பதம். ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததைப் பனையோலைக் குட்டான்களில் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கோ, ஆளுக்கொரு பிடி காணும். அலரிப்பூ மட்டும் சேர்க்காதேங்கோ, ஆடுமாடு தின்றால் நஞ்சு.

அறுகரிசியைப் பெரியவர்கள் எப்படியும் போடுவார்கள். அதில் விழும் அரிசியைக் கோழி பொறுக்கிவிடும்.

தூவுகிறவர்களைச் சோளகத்துக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, மேல்நோக்கி எறியச் சொல்லுங்கோ. காய்ந்த இதழ் பாரமில்லாதது, மெல்லச் சுழன்று சுழன்று இறங்கும். படம் எடுப்பவருக்கும் நேரம் கிடைக்கும்.