கையில் காசில்லாத ஒரு சாதாரண கிறிஸ்தவர் பிறருக்கு ஆசீர்வாதமாக இருப்பது எப்படி?

கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எப்போது கேட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. ஞாயிறு ஆராதனையில் "ஆபிரகாமைப் போல நீங்களும் ஆசீர்வாதமாய் இருங்கள்" என்று பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். பிரசங்கம் முடிந்ததும் கட்டட நிதிக் கவர் கைக்கு வந்திருக்கும். சம்பளமோ வாடகைக்கும் தவணைக்கும் ஏற்கெனவே போயிருக்கும். வெறுங்கவரை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பி, இந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலை இதுவல்ல என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் நிலை இதுதான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறேன். வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டுத் தைக்கிறேன். கணவர் மாங்காய் மண்டியில் சுமை தூக்குகிறார். பெங்களூரா ரக மாங்காய் மண்டியில் குவிகிற மாதங்களில் நாங்கள் நிமிர்ந்து நடப்போம். சீசன் முடிந்தால் என் மிஷினை நம்பித்தான் அடுப்பு எரியும். எங்கள் சபையில் புது மண்டபம் கட்டியபோது வாசலில் ஒரு சலவைக்கல் பதித்தார்கள். கொடுத்தவர்களின் பெயரும், கொடுத்த தொகையும். எங்கள் பெயர் அதில் இல்லை, இருக்க நியாயமும் இல்லை. ஆனால் பிரதிஷ்டை நாளன்று ஒரு சகோதரி என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீர்கள் அக்கா, கர்த்தர் அடுத்த முறை உங்களையும் ஆசீர்வாதமாக வைப்பார்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். என்றாலும் அந்த வார்த்தை இன்றுவரை ஆறவில்லை. அப்படியானால் இதுவரை நான் என்னவாக இருந்தேன்?

கொடுக்கிறவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டபம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், கொடுத்தவர்களைத் தேவன் அறிவார். என் வாதம் வேறு. ஆபிரகாமிடம் மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னும் இருந்தன. ஆதியாகமம் பதின்மூன்றாம் அதிகாரத்திலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. அவரை மட்டும் முன்னால் நிறுத்திப் பேசினால் ஏழை விசுவாசி தலைகுனிந்துதான் உட்கார வேண்டும். அதே வேதத்தில் இயேசுவின் சீடர் பேதுருவும் இருக்கிறார். தேவாலயத்தின் அலங்கார வாசலில் பிச்சை கேட்ட முடவனிடம், "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்று சொன்னவர். அந்த வசனத்தை எல்லோரும் அவன் எழுந்து நடந்த அற்புதத்துக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதற்கு அடுத்தது முக்கியம்: பேதுரு அவன் வலதுகையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நின்ற இடத்திலிருந்து "எழுந்து நட" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இன்னும் ஒன்று. பிறவியிலேயே நடக்க முடியாத அந்த மனிதனை நாள்தோறும் யாரோ சுமந்து வந்து அங்கே வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் யார், எத்தனை பேர், ஒன்றும் சொல்லப்படவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அவன் அன்று அந்த வாசலில் இருந்திருக்க மாட்டான்.

கையில் காசில்லாதவர் செய்யக்கூடியது இதுதான் என்று நான் நம்புகிறேன். துணைக்குப் போவது. தனியாகப் போனால் மதிக்கப்படாத ஒருவரோடு, அவர் போக வேண்டிய இடத்துக்குக் கூடப் போவது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அதனால் தெருவே அவரை அவ்வா என்று கூப்பிடும். கணவர் இல்லை. மகன் கட்டட வேலைக்குப் பெங்களூரு போனவன், பண்டிகைக்கு வருவான். அவ்வா வாழ்நாள் முழுக்கப் புளி உடைத்தவர். எங்கள் பக்கம் தை, மாசி பிறந்தால் வீட்டுக்கு வீடு புளி உடைக்கிற சத்தம்தான். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது அவரால் அதுவும் முடியாது. முதுகு இறுகிவிட்டது, முழங்கால் மடங்காது. பல வருடம் குடித்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம், அதில் ஃபுளோரைடு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. அவ்வாவின் எலும்புக்கு அது தாமதம்.

அவருக்கு ஒரே வருமானம் முதியோர் உதவித்தொகை. முன்பு மாதம் 1,000 ரூபாய், 2023-இலிருந்து 1,200. வங்கி முகவர் ஒருவர் கைரேகை மிஷினோடு ஊருக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவ்வாவின் கைரேகை பதியவில்லை. அடுத்த மாதமும் பதியவில்லை. விரலைப் புடவையில் துடைத்தார், சோப்புப் போட்டுக் கழுவி வந்தார், வாயால் ஊதி ஊதி வைத்தார். மிஷின் ஒப்புக்கொள்ளவில்லை. "வங்கிக்குப் போய்க் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு முகவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. ஒரு கோடு இல்லை. புளிக்கறை மட்டும் நகக்கண்ணில் கறுப்பாகத் தங்கியிருந்தது. உழைத்துத் தேய்ந்த கை என்பதாலேயே அது அவருடைய கை இல்லை என்று மிஷின் சொல்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

அவ்வா ஏற்கெனவே தனியாக வங்கிக்குப் போய்த் திரும்பியிருந்தார். "நாளைக்கு வா" என்றார்களாம். எந்த நாளைக்கு என்று கேட்க அவருக்குத் தமிழும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. நான் கூடப் போன அன்று அதே கவுண்டரில் "உட்காருங்கள் பாட்டி" என்றார்கள். நான் அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தையல்காரி, பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். ஒரு மனுஷிக்குப் பக்கத்தில் இன்னொரு மனுஷி நின்றால் "வா" என்பது "வாருங்கள்" ஆகிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகு, ஆசீர்வாதம் என்றால் என்ன என்று யாரும் எனக்குப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்வேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் அறிவித்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போகிறார்கள், அல்லது நூறடி தள்ளி நிறுத்துகிறார்கள். இளம் பெண்கள் ஓடிப்போய் ஏறிவிடுவார்கள். முழங்கால் மடங்காத கிழவி என்ன செய்வார்? படி வேறு இடுப்பு உயரம். நான் கீழே நின்று அவ்வாவைத் தூக்கிவிட, மேலிருந்து முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பெண் கையைப் பிடித்து இழுக்க, அப்படித்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றினோம். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதுகிறார். அரசு கொடுத்ததை நிறுத்தத்தில் வைத்துப் பிடுங்குவது என்ன நியாயம்?

சரி, வங்கிக்கு வருகிறேன். முதலில் "ஆதாரில் கைரேகையைப் புதுப்பித்து வாருங்கள், அதுவரை ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். அதுவரை அவ்வா எதைச் சாப்பிடுவது? எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சலவைக்கல்லில் அவர் பெயரும் இல்லை. அவரிடம் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. வயதானவரோ நோயாளியோ கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருந்தால், கைநாட்டு வைத்தே கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான ஊழியராக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைச் செய்து தர வங்கிகள் முயல வேண்டும் என்றும் 2017-இல் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஆசிரியர் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் சண்டை போடவில்லை. தாளை நீட்டி, "ஐயா, இப்படி ஒரு வழி இருக்கிறதாமே" என்று கேட்டேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஓர் இளம் ஊழியர் தானே சாட்சியாக நின்று, மை பெட்டியைத் திறந்து, அவ்வாவின் கட்டைவிரலை மெதுவாகப் பிடித்து உருட்டி வைத்தார். நிறுத்தி வைத்திருந்த மாதங்களின் பணம் அன்றே கைக்கு வந்தது. அந்தத் தம்பி எந்த மதம் என்று எனக்குத் தெரியாது. அவர் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன்.

பிறகு ஆதார் மையம். விடியற்காலையில் போய் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்றோம். கருவி முன்னால் இருந்த பெண் பொறுமையானவர். பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இடது கை மோதிர விரல் பளிச்சென்று பதிந்தது. புளி உடைக்கிறபோது அந்த விரலுக்கு வேலையே இல்லை. இப்போது முகவர் வந்தால் அவ்வா வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த ஒரு விரலை நீட்டுகிறார்.

மதமாற்றத்துக்காகச் செய்கிறீர்கள் என்று இதன் கீழே சிலர் எழுதுவார்கள், தெரியும். அவ்வா இன்றும் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறார், ஆடியில் கூழ் ஊற்றுகிறார், எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து தருகிறார். நான் ஒரு கைப்பிரதிகூட அவரிடம் நீட்டியதில்லை. ஏன் எனக்காக அலைகிறாய் கண்ணு என்று அவர் ஒருமுறை கேட்டபோது, "என் சாமி அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார் அவ்வா" என்றேன். அது உண்மை, அதனால் சொன்னேன். இன்னொரு பக்கம் எங்கள் ஆட்களே, "ஆத்துமா ஆதாயம் இல்லாத அலைச்சல்" என்கிறார்கள், யாரையும் விசுவாசத்துக்குக் கொண்டுவரவில்லையாம். ஒரு மைல் வரச்சொல்லிப் பலவந்தம் செய்கிறவனோடு இரண்டு மைல் போகச் சொன்ன ஆண்டவர், போகிற வழியில் அவனை எதற்குச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது, நீங்கள் பொதுவில் எழுதுகிறீர்களே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: என் பெயர் இங்கே இல்லை, என் ஊரின் பெயரும் இல்லை. கேட்டவருக்கு வழி தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

இதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னால், சொல்ல ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முன் மிஷினை விட்டுப் போன நாட்களில் சில ரவிக்கைகள் வேறு கடைக்குப் போய்விட்டன. போனது போனதுதான், திரும்ப வரவில்லை. "கொடுத்தேன், கர்த்தர் இரட்டிப்பாகத் திருப்பினார்" என்று முடிந்தால்தான் சாட்சி என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். பேதுருவுக்கும் அதன் பிறகு கிடைத்தது சிறைக்காவல்தான்.

உங்களுக்கு வருகிறேன். நீங்கள் ஓசூர்ப் பக்கம் ஷிப்ட் வேலையில் இருக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அலுவலகங்கள் திறந்திருக்கிற நேரத்தில் உங்களுக்கு ஓய்வு கிடைக்கும், அது பலருக்குக் கிடைக்காத வசதி. உங்கள் தெருவில் பிரித்துப் பார்க்காத வங்கிக் கடிதத்தோடு யாராவது இருப்பார்கள். அரசு மருத்துவமனையில் எந்தச் சீட்டை எந்த அறையில் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறவர் இருப்பார். முதலில் அந்தக் காகிதத்தை வாங்கி அவருக்குப் படித்துக் காட்டுங்கள். போகிற அன்று ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், ரேஷன் கார்டு மூன்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவரைச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. கவுண்டரில் அவரைப் பேச விடுங்கள், அவர் திணறினால் மட்டும் நீங்கள் பேசுங்கள். பணம் வந்தால் நீங்கள் எண்ண வேண்டாம், அவரே எண்ணட்டும்.