பழைய பெல்லட் ஸ்டவ் பற்றிக்கொண்ட சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறதா?

மலிவாக வாங்கிய பழைய பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெல்லட்டை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) பத்து நிமிடம் எரிந்து அணைந்துவிடுகிறது, சர்க்யூட் போர்டை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் சாம்பல்தான் காரணம்.

பிளக்கைப் பிடுங்கி, ஸ்டவ் நன்றாக ஆறியபின் பெல்லட் எரியும் கிண்ணத்தை வெளியே எடுங்கள். என்னுடையதில் காற்று வரும் துளைகளில் பாதியைக் கண்ணாடிபோல் இறுகிய கசடு மூடியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் தெரிய வேண்டும்.

அப்புறம் புகை விசிறியையும் புகைக்குழாயையும் சுத்தம் செய்யுங்கள். அழுத்த சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயை மறந்துவிடாதீர்கள். அது அடைத்திருந்தால் புகை இழுப்பு இல்லையென்று சுவிட்ச் முடிவுசெய்து, பெல்லட் விழுவதையே நிறுத்திவிடும். குழாயைச் சுவிட்சிலிருந்து கழற்றிய பிறகே ஊதுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் சவ்வு கிழியலாம். சிலர் அந்தச் சுவிட்சை ஒயர் போட்டு பைபாஸ் செய்யச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வந்துவிடலாம்.

கதவின் ஓரத்தில் காற்று கசியாமல் அடைக்கும் கயிற்றைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

தொட்டியில் கிடக்கும் பழைய பெல்லட் ஈரத்தில் உப்பி மரத்தூளாகியிருந்தால் முழுவதையும் அள்ளிக் கொட்டிவிடுங்கள்.